நான் மறைத்த மஞ்சள் கோடுகள்

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் நான் வேலை பார்க்கும் கம்பெனியில் இரும்புத் தகட்டை அழுத்தி வண்டிகளுக்கான பாகங்கள் செய்கிறோம். தகட்டை அழுத்துவது பிரஸ் மெஷின். அது எப்போது இறங்க வேண்டும், எப்போது நிற்க வேண்டும் என்று சொல்லும் புரோகிராமை எழுதுவது என் வேலை. ஷெட்டின் மூலையில் கண்ணாடித் தடுப்பு போட்ட ஓர் அறை, நான்கு கம்ப்யூட்டர், ஒரு ஏசி. சித்திரை வெயிலில் அந்த ஏசிக்காகவே பலருக்கு எங்களிடம் கேட்க ஏதாவது சந்தேகம் வந்துவிடும்.

புரோகிராமை ஓர் எடிட்டரில் அடிப்போம். தப்பாக அடித்தால் அந்த இடத்துக்குக் கீழே சிவப்பாக ஒரு நெளிகோடு விழும். அது எரர். அதைத் திருத்தாமல் புரோகிராம் மெஷினுக்குள் போகாது. மஞ்சள் நெளிகோடு விழுந்தால் அது வார்னிங். எதற்கும் ஒரு தடவை பார்த்துக்கொள் என்று சொல்வதோடு சரி. பார்க்காவிட்டாலும் புரோகிராம் போகும், மெஷின் ஓடும், சம்பளம் வரும். அதனால் எனக்கு முன்னால் இருந்தவர்கள் யாரும் பார்க்கவில்லை. நான் வேலைக்குச் சேர்ந்தபோது அந்தப் புரோகிராமில் முந்நூறுக்கு மேல் மஞ்சள் கோடுகள் இருந்தன. திறந்தாலே திரையில் மஞ்சள்தூளைக் கொட்டிவிட்ட மாதிரி இருக்கும்.

எனக்குக் கோபம் சீக்கிரம் வரும். வந்தால் சீக்கிரத்தில் போகாது. அதிகமாகக் கோபப்பட்டதும் ஒரு மஞ்சள் கோட்டுக்காகத்தான், ஆனால் அது திரையில் விழும் கோடு இல்லை. ஒவ்வொரு பிரஸ்ஸையும் சுற்றித் தரையில் மஞ்சள் பெயின்ட் அடித்திருக்கும். மெஷின் ஓடும்போது ஆபரேட்டரைத் தவிர யாரும் அதைத் தாண்டக் கூடாது. எல்லோரும் தாண்டுவார்கள். நான் அறைக்கு வெளியே வந்து நின்று கத்துவேன்.

"கண்ணு தெரியலையா? கோடு எதுக்குப் போட்டிருக்கு?"

மூன்றாம் நம்பர் பிரஸ் ஆபரேட்டர் ஒருவர்தான் பதில் சொல்லுவார்.

"கோடு எங்க சார் கீது? மிதிச்சி மிதிச்சி அழிஞ்சி போச்சி. உங்க கண்ணுக்குத்தான் தெரியுது."

சுற்றி நிற்பவர்கள் சிரிப்பார்கள். எனக்கு இன்னும் எரிச்சலாகும். ஆனாலும் அவர்மேல் கோபம் நிற்காது. என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவர், ஊத்துக்கோட்டைக்குப் பக்கத்துக் கிராமம். அவருடைய நைனா அடுத்தவர் நிலத்தில் நாற்று பிடுங்கியவர். அந்த வீட்டிலிருந்து முதன்முதலாக ஐடி கார்டு மாட்டிக்கொண்டு வேலைக்கு வந்தவர் இவர்தான். ஒன்பது வருஷம் கான்ட்ராக்டிலேயே ஓடிவிட்டது. கம்பெனி பஸ்ஸில் என் முன் சீட்டில் ஜன்னலோரம் உட்கார்ந்து, வேர்க்கடலைப் பொட்டலத்தைத் திரும்பிப் பார்க்காமலே பின்னால் நீட்டுவார். பெர்மனென்ட் ஆக வேண்டும் என்பதைத் தவிர அவர் எதையும் பெரிதாக ஆசைப்பட்டு நான் கேட்டதில்லை.

ஒருமுறை எங்களிடம் பாகம் வாங்கும் கம்பெனியிலிருந்து ஆடிட்டுக்கு வந்தார்கள். அதில் ஒருவர் என் திரையைக் காட்டி, "இது என்ன இவ்வளவு மஞ்சள்?" என்று கேட்டுவிட்டார். மேனேஜருக்கு முகம் சுருங்கிவிட்டது. அடுத்த தடவை அவர்கள் வருவதற்கு மூன்று நாள் முன்பு என்னைக் கூப்பிட்டார்.

"தரையில மஞ்சள் பெயின்ட் புதுசா அடிக்கச் சொல்லிட்டேன். உன் ஸ்கிரீன்ல மஞ்சள் இருக்கக் கூடாது. க்ளீன் பண்ணு."

மூன்று நாளில் முந்நூறைத் திருத்த முடியாது. ஒன்றைத் திருத்தினால் வேறு இடத்தில் எதுவாவது உடையலாம், ஒவ்வொன்றையும் மெஷினில் ஓட்டிப் பார்க்க வேண்டும். அதைச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. எடிட்டரின் செட்டிங்க்ஸைத் திறந்தேன். எந்தக் கோட்டுக்கு எந்த நிறம் என்று நாமே வைத்துக்கொள்ள அதில் வசதி உண்டு. எரருக்கான சிவப்பை இன்னும் பளிச்சென்று ஆக்கினேன். வார்னிங்குக்கு, திரையின் பின்னணியில் இருக்கும் அதே கரும் நிறத்தைக் கொடுத்தேன். கோடுகள் அப்படியே இருந்தன, ஆனால் ஒன்றும் தெரியவில்லை. கீழே மூலையில் எண்ணிக்கை காட்டும், அதையும் மறைத்தேன். மொத்தமே பத்து நிமிஷ வேலை. பென் டிரைவில் ஏற்றி மற்ற மூன்று கம்ப்யூட்டருக்கும் போட்டேன்.

ஆடிட் நன்றாக முடிந்தது. எனக்கு சால்வை போடாத குறைதான். உடன் வேலை பார்த்தவர்களும் கண்ணுக்குக் குளிர்ச்சியாக இருக்கிறது என்றார்கள். ஆடிட் முடிந்ததும் பழையபடி மாற்றிவிட வேண்டும் என்று நினைத்தது உண்மை. மாற்றவில்லை என்பதும் உண்மை. சொல்லப்போனால் அந்தச் சுத்தமான திரையைப் பார்க்கப் பார்க்க எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

ஒரு வருஷத்துக்கு மேல் போனது. மூன்றாம் நம்பர் பிரஸ்ஸை இன்னும் கொஞ்சம் வேகமாக ஓட்ட வேண்டும் என்றார்கள். அதற்காகப் புரோகிராமில் ஒரு பகுதியைப் புதிதாக எழுதினேன். அந்த பிரஸ்ஸின் வாயில் இரண்டு பக்கமும் இரண்டு சென்சார் கம்பம் உண்டு. நடுவில் கை போனால் கம்பத்தில் பச்சை விளக்கு சிவப்பாகும், புரோகிராமுக்குத் தகவல் வரும், புரோகிராம் மெஷினை நிறுத்தும். என் மேஜையில் வைத்துச் சோதிக்கும்போது சென்சார் கிடையாது என்பதால், கை இருந்தால் நில் என்கிற நிபந்தனையைத் தற்காலிகமாக எடுத்தேன். எடுத்ததைத் திரும்பப் போட மறந்துவிட்டேன். சிவப்புக் கோடு எதுவும் விழவில்லை. புரோகிராம் போனது, மெஷினும் வேகமாக ஓடியது.

நான்காம் நாள் காலை, டீ வருவதற்குக் கொஞ்சம் முன்னால், மூன்றாம் நம்பரின் சத்தம் பாதியில் நின்றது. எங்கள் ஷெட்டில் சத்தம் எவ்வளவு இருந்தாலும் யாரும் திரும்ப மாட்டார்கள், நின்றால்தான் எல்லாத் தலையும் திரும்பும். நான் ஓடிப் போனபோது அவர் தரையில் உட்கார்ந்திருந்தார், வலது கையை யாரோ துணியால் சுற்றிக்கொண்டிருந்தார்கள். ஆள்காட்டி விரலும் நடுவிரலும் போய்விட்டன. அவர் அழவில்லை. தூக்கிக்கொண்டு போகும்போது ஒன்றையே திரும்பத் திரும்பச் சொன்னார்.

"லைட்டு செவப்பாச்சி சார். நான் பாத்துக்கினுதான் கைய வுட்டேன். செவப்பாச்சி சார்."

கம்பத்து விளக்கு அது பாட்டுக்குச் சிவப்பாகத்தான் செய்யும். அதைக் கேட்டு மெஷினை நிறுத்த வேண்டிய புரோகிராம் கேட்கவில்லை. ஆனால் அங்கே யாருக்கும் அது தெரியாது. சென்சாரைச் சோதித்தார்கள், நன்றாக இருந்தது. சிக்கிய தகட்டை எடுக்கக் காந்தக் கம்பி கொடுத்திருக்கிறோமே, கையை ஏன் விட்டார் என்றார்கள். விதி அப்படித்தான் சொல்கிறது. காந்தக் கம்பியை எடுத்து வருவதற்குள் நேரம் போய்விடும் என்று எல்லோரும் சென்சாரை நம்பிக் கையைத்தான் விடுவார்கள் என்பதும் எல்லோருக்கும் தெரியும். ஆபரேட்டர் கவனக்குறைவு என்று பேச்சு ஓடத் தொடங்கியது. அந்த மாதக் கடைசியில் பெர்மனென்ட் பட்டியல் வரவிருந்தது, அவர் பெயரும் அதில் இருந்தது. கவனக்குறைவு என்று ரிப்போர்ட்டில் ஏறிவிட்டால் பட்டியலில் இருந்து எடுத்துவிடுவார்கள், கான்ட்ராக்டும் அத்தோடு சரி.

நான் அறைக்குப் போய்ப் புரோகிராமைத் திறந்தேன். பார்க்க எல்லாம் ஒழுங்காக இருந்தது. பிறகு செட்டிங்க்ஸைத் திறந்து மஞ்சளைத் திரும்ப வைத்தேன். திரை முழுக்க மஞ்சளானது. நான் புதிதாக எழுதிய இடத்திலும், சென்சார் தகவலைக் குறிக்கும் வார்த்தைக்குக் கீழே சின்னதாக ஒரு கோடு இருந்தது. அதன்மேல் மவுஸை வைத்தால் விளக்கம் வரும். இந்தத் தகவல் வாங்கப்படுகிறது, எங்கேயும் பயன்படுத்தப்படவில்லை என்று வந்தது.

அடுத்து நான் செய்ததை எழுதக் கை கூசுகிறது. மறுபடியும் நிறத்தை மாற்றி மஞ்சளை மறைத்தேன்.

சாயங்காலம் பஸ்ஸில் அந்த ஜன்னலோர சீட்டில் யாரும் உட்காரவில்லை. சோழவரத்தில் நான் இறங்குகிற வரைக்கும் அது காலியாகவே வந்தது. மறுநாளும் வாயைத் திறக்கவில்லை. பயம்தான், வேறொன்றும் இல்லை. எனக்கு வீட்டுக் கடன், சின்னக் குழந்தை என்று எதையாவது சொல்லி என்னையே சமாதானப்படுத்திக்கொண்டேன். அவருக்கும் வீடு, குழந்தை எல்லாம் உண்டு என்பது அந்தச் சமாதானத்தில் வரவில்லை.

மூன்றாம் நாள் ரிப்போர்ட்டை என் முன்னால் வைத்தார்கள். சென்சாரும் புரோகிராமும் சரியாக இயங்கின என்று ஒரு வரி. அதற்குக் கீழே என் கையெழுத்துக்கு இடம் விட்டிருந்தது. பேனாவைப் பிடித்த விரல்களைப் பார்த்தேன். அதற்குப் பிறகு என்னால் முடியவில்லை.

"இது பொய் சார். புரோகிராம் சரியில்ல. தப்பு என்னுது" என்றேன். மேனேஜரை அறைக்குக் கூட்டிக்கொண்டு போய் நிறத்தை மாற்றிக் காட்டினேன். அவர் அந்தக் கோட்டைப் பார்த்தார்.

"வார்னிங்தானே இது? எரர் இல்லையே?"

"வார்னிங்தான் சார். நான்தான் மறைச்சு வெச்சேன்."

"நான் க்ளீன் பண்ணத்தானே சொன்னேன். மறைக்கச் சொல்லலையே."

அதுவும் சரிதான். என் வேலை போகலாம் என்று அவர் சொன்னார். தெரியும் என்றேன். ரிப்போர்ட்டை மாற்றி எழுதினார்கள். எனக்கு மெமோ வந்தது, வேலை போகவில்லை. ஆபரேட்டர் பெயர் பெர்மனென்ட் பட்டியலில் நின்றது. நான் புரோகிராமில் மூன்றாம் நம்பருக்கான அந்த ஒரு வரியைத் திருத்தினேன், நான்கு கம்ப்யூட்டரிலும் மஞ்சளைப் பழையபடி வைத்தேன். செய்ய வேண்டியதைச் செய்துவிட்டேன் என்று மனம் கொஞ்சம் இலேசாகக்கூட ஆனது. அந்த மஞ்சளை மறைக்காமல் இருந்திருந்தால் பார்த்திருப்பேன், அவர் கை தப்பியிருக்கும் என்று எனக்குள் ஒரு கணக்கு. தப்பெல்லாம் அந்த நிறத்தில்தான் என்று நம்புவது வசதியாக இருந்தது.

இரண்டு மாதம் கழித்து அவர் வந்தார், ஸ்டோர்ஸில் வேலை. முதல் நாளே எங்கள் அறைக் கதவைத் தள்ளிக்கொண்டு வந்து என் நாற்காலிக்குப் பின்னால் நின்றார். என் தப்புதான் என்று நான் சொன்னது அவருக்கு முன்பே தெரியும். நான் எழுந்து என்னென்னவோ சொல்லத் தொடங்கினேன். அவர் அதைக் கேட்க வரவில்லை.

"அத்த காட்டுங்க சார்."

"எதைண்ணா?"

"அதான், அந்த மஞ்ச கோடு."

விசாரணைக்காகப் பழைய புரோகிராமின் நகல் ஒன்றை வைத்திருந்தோம். அதைத் திறந்து காட்டினேன். அவர் குனிந்து பார்த்தார். தொட்டுப் பார்க்க வலது கையை நீட்டினார், அதில் சுட்டும் விரல் இல்லை. கையை இறக்கிவிட்டு இடது கையால் திரையைத் தொட்டார்.

"எம்மாம் சின்னது" என்றார். பிறகு கேட்டார்.

"இது மஞ்சளாவே இருந்திருந்தா நீங்க பாத்திருப்பீங்களா சார்?"

ஆமாம் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். இரண்டு மாதமாக எனக்கு நானே சொல்லிக்கொண்ட பதில் அது. அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு சொல்ல வரவில்லை.

"இல்லண்ணா. முந்நூறோட அதுவும் ஒண்ணா கெடந்திருக்கும். பாத்திருக்க மாட்டேன்."

அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும். என் கை அது பாட்டுக்கு மவுஸ் சக்கரத்தை உருட்டியது. பக்கம் பக்கமாக மஞ்சள் கோடுகள் மேலே ஏறிப் போய்க்கொண்டே இருந்தன. திருத்திய அந்த ஒரு வரி போக, எல்லா பிரஸ்ஸும் இன்னும் அந்தப் புரோகிராமில்தான் ஓடுகின்றன. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒன்றாம் நம்பரிலிருந்து ஆறாம் நம்பர் பிரஸ் வரை ஆட்கள் தகட்டை உள்ளே வைத்து எடுத்துக்கொண்டிருந்தார்கள். அவர் திரையைப் பார்த்தார், அவர்களைப் பார்த்தார்.

"அப்ப இதெல்லாம் யாரு கையி சார்?"

நான் முதல் பக்கத்துக்குப் போய் முதல் மஞ்சள் கோட்டின்மேல் மவுஸை வைத்தேன். அவர் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார்.