வாடை தெற்கே தள்ளும்

இஃப்ஃபத் வீட்டுக்கு யார் போனாலும் முதலில் மூக்கில் ஏறுவது அத்தர்தான். அவருடைய அத்தா ஷஹாபுதீன் முல்லா வீதியில் அத்தர்க் கடை வைத்திருக்கிறார். குடியிருப்பு சாரம் என்கிற பகுதியில். கடையிலிருந்து அவர் சட்டையோடு ஒட்டிக்கொண்டு வரும் மணம் மாடிப்படி வரைக்கும் நிற்கும். அந்த மணத்துக்கு நடுவே, ஜன்னலோர மேசையில், காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு இஃப்ஃபத் அடுத்தவர் பேச்சைத் தட்டச்சு செய்துகொண்டிருப்பார்.

அதுதான் அவர் வேலை. பத்திரிகைகளுக்கு நீளக் கட்டுரை எழுதுகிறவர்கள் ஊர் ஊராகப் போய் மணிக்கணக்கில் ஆட்களிடம் பேசிப் பதிவு செய்துகொண்டு வருவார்கள். அந்த ஒலியை எழுத்தாக்கிக் கொடுப்பது இவர். மூடிப்போன மில்லின் வாசலில் இன்னும் டீ விற்கிறவர், உப்பளத்தில் கால் வெடித்த பெண்கள், ஆஸ்பத்திரி வராண்டாவில் மாதக்கணக்காகக் குடியிருக்கும் குடும்பம், சதுரங்கம் விளையாடும் ஆட்டோக்காரர் என்று எல்லோரும் இவர் காது வழியாகத்தான் காகிதத்துக்குப் போயிருக்கிறார்கள். இதழ் வந்ததும் முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை படித்துவிடுவார். தான் தட்டிய மலையில் எந்தக் கல்லை எடுத்து வைத்திருக்கிறார்கள் என்று பார்ப்பதில் அவருக்கு ஓர் ஆசை. "அந்த ஆட்டோக்காரரு அழுததையே போடல பாருங்க" என்று ஒருமுறை என்னிடம் ரொம்ப நேரம் குறைப்பட்டுக்கொண்டார்.

நானும் அவரிடம் வேலை கொடுத்தவன்தான். செஞ்சிப் பக்கத்தில் எங்கள் குடும்பத்தில் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான். என் முதல் பேட்டியை அவர் தட்டி அனுப்பியபோது, நான் கேட்ட கேள்விகளும் எங்கள் ஊர்ப் பேச்சிலேயே அச்சு மாறாமல் இருந்தன. எனக்குக் கூச்சமாகிவிட்டது. திருத்தக் கூடாதா என்று கேட்டேன். "நீங்க பேசினதுதானே சார், நான் ஏன் மாத்தணும்?" என்றார். அப்படிப்பட்டவர் ஒரே ஒரு சொல்லில் வழுக்கின கதை இது. அவரே சொன்னது, எழுதச் சொன்னதும் அவர்தான்.

போன வருஷம் நெடுமாறன் என்கிற பத்திரிகையாளர் சென்னையிலிருந்து வந்து வைத்திக்குப்பத்தில் தங்கினார். வடக்கே ஒரு தொழிற்சாலையின் கழிவு கடலில் கலக்கிறது என்று மீனவர்கள் சொல்லிவந்தார்கள். அதைப் பற்றித்தான் கட்டுரை. வீராயி என்ற அம்மாவிடம் நிறையப் பேசியிருந்தார். வீராயிக்குச் சொந்தமாக ஒரு ஃபைபர் படகு உண்டு. தம்பிகள் ஓட்டுகிறார்கள், மீனை இவர் விற்கிறார்.

பதிவில் ஓரிடத்தில் நெடுமாறன், "போன வாரம் ஏன் படகு எதுவும் போகல?" என்று கேட்கிறார். வீராயி, "வாடைப்பா. அதான் எறக்கல" என்கிறார். அதற்கப்புறம் அலையும் காக்கையும் சேர்ந்து இரைச்சல். இஃப்ஃபத் அங்கே வழக்கம்போல 'தெளிவில்லை' என்று போட்டார். வட்டாரச் சொல் வந்தால் பக்கத்தில் பொருளையும் எழுதிவிடும்படி நெடுமாறன் கேட்டிருந்ததால், 'வாடை' என்பதற்குப் பக்கத்தில் 'துர்நாற்றம்' என்று எழுதினார்.

அத்தர்க் கடைக்காரர் வீட்டில் அந்தச் சொல்லுக்கு வேறு பொருளே கிடையாது. சின்ன வயதில் கடையில் நின்றுகொண்டு, "அத்தா, இது மல்லிப்பூ வாடை" என்று சொல்லிவிட்டு வாங்கிக் கட்டிக்கொண்டவர் அவர். "வாசனைன்னு சொல்லு புள்ள. வாடைன்னா எவன் வாங்குவான்?" பள்ளிக்கூடத்தில் படித்த வாடைக்காற்று அந்த நேரத்துக்கு நினைவில் வரவில்லை. போதாததற்குப் பேச்சும் கழிவைப் பற்றியது.

அச்சுக்குப் போகிற நாள் காலையில் நெடுமாறன் கட்டுரையை அனுப்பினார். 'நாற்றத்துக்கு அஞ்சிய கடல்' என்று தலைப்பு. முதல் வரியே வீராயிதான்: துர்நாற்றம் தாங்காமல் அன்று படகை இறக்கவில்லை என்கிறார். தான் தட்டிய பக்கத்திலிருந்து எடுத்த வரி கட்டுரையின் முகப்பில் நிற்பதைப் பார்த்ததும் இஃப்ஃபத்துக்குத் தலைகால் புரியவில்லை. காலைத் தேநீர் குடித்துக்கொண்டிருந்த அத்தாவுக்கு உரக்க வாசித்துக் காட்டினார்.

ஷஹாபுதீன் சிரித்துவிட்டார்.

"மீன்காரம்மா நாத்தம்னு குந்திச்சாமா? அத்தர் மணமே எனக்குத் தெரியறதில்ல, ஊரே சொல்லுது. மீனுலயே பொழங்குறவங்க மூக்கு என்ன, கவர்னர் வீட்டு மூக்கா?"

"கழிவு நாத்தம் வேற அத்தா."

"வேறதான். இருந்தாலும் படகையே நிறுத்துமா?" என்று சொல்லிவிட்டு அவர் செருப்பை மாட்டிக்கொண்டு கடைக்குக் கிளம்பிவிட்டார்.

இஃப்ஃபத்துக்கு உறுத்தியது. பதிவைத் திறந்து அந்த இடத்தை மறுபடி மறுபடி ஓட்டினார். காக்கைக்கு அடியில், அலைக்கு அடியில், வீராயியின் குரல் மெல்லக் கேட்டது: "தெக்க தள்ளினு பூடும்."

நாற்றம் எதையும் தெற்கே தள்ளாது. காற்றுதான் தள்ளும்.

உடனே நெடுமாறனுக்குப் போன் போட்டார்.

"சார், நான் தப்பு பண்ணிட்டேன். வாடைன்னா அந்தம்மா காத்தச் சொல்லியிருக்காங்க."

"என்னம்மா இது, அட்டை வரைக்கும் போட்டாச்சு. சாயங்காலம் அச்சுக்குப் போவுது." அதோடு விடவில்லை: "அங்க நாத்தம் இருக்கிறது நிஜம்தானே? எல்லாரும் சொல்றாங்களே."

"சொன்னவங்க பேர்ல போடுங்க சார். சொல்லாதவங்க பேர்ல போட்டா, கம்பெனிக்காரன் அந்த ஒரு வரியக் காட்டி முழுசும் பொய்ம்பான்."

நெடுமாறன், "உனக்கு நிச்சயமாத் தெரியுமா? காதுல விழுந்தத வெச்சு ஒருதரம் எழுதிட்டோம். மறுபடி அதே மாதிரி மாத்த முடியாது. அவங்களையே கேட்டுச் சொல்லு. மதியம் வரைக்கும் நிறுத்தி வெக்கறேன்" என்றார்.

வீராயிக்குப் போன் போனது, எடுக்க ஆளில்லை. மீன் விற்கிற நேரத்தில் அவர் போனைத் தொடமாட்டார். இஃப்ஃபத் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு வைத்திக்குப்பத்துக்கே போய்விட்டார். அதுவரை அந்த அம்மாவை அவர் நேரில் பார்த்ததில்லை. ஆனால் கரையில் கால் வைத்ததுமே, படகுகளுக்கு அந்தப் பக்கத்திலிருந்து அந்தக் குரல் கேட்டது. ஹெட்போனில் வாரக்கணக்காகக் கேட்ட குரல் வெயிலில் உட்கார்ந்து சங்கரா மீனுக்கு விலை சொல்லிக்கொண்டிருந்தது.

"வீராயிக்கா?"

"இன்னா பாப்பா வேணும்? சங்கரா இருக்குது, நெத்திலி இருக்குது."

"மீன் வேணாங்க்கா. பத்திரிகைக்காரர் உங்ககிட்ட பேசினாரே, அத எழுதினது நான்." விஷயத்தைச் சொன்னார். தலைப்பையும் சொன்னார்.

வீராயி கையிலிருந்த மீனைக் கூடையில் போட்டுவிட்டுப் பக்கத்தில் விற்றுக்கொண்டிருந்தவரைக் கூப்பிட்டார். "அம்மாவாசை! கேட்டியா இத? நாத்தத்துக்குப் பயந்து நான் கரையில குந்தினு இருந்தேனாம். புஸ்தகத்துல போடப் போறாங்களாம்."

அம்மாவாசை விழுந்து விழுந்து சிரித்தார். "யக்கா, இனிமே கடலுக்கு மூக்கப் பொத்தினு போ!"

"போடாங்." வீராயியும் சிரித்தார். சிரிப்பு நின்றதும் முகம் கொஞ்சம் கடுத்தது. "பாப்பா, இது வெளிய வந்தா பிள்ளைச்சாவடி வரைக்கும் என்னைச் சொல்லிச் சிரிப்பாங்க. என் தம்பிங்க தலை நிமிர முடியாது. வாடைக்காத்து அடிச்சா வலை நிக்காது, படகத் தெக்க தள்ளினு பூடும், அதான் எறக்கல. நாத்தம் தினமும்தான் இருக்குது. நாத்தம்னு குந்தினா வருசம் பூரா குந்தணும், சோத்துக்கு இன்னா பண்றது?"

"இதையே போடச் சொல்லட்டுமாக்கா?"

"சொன்னதப் போடு. நாத்தம் இல்லன்னு நான் சொல்லலியே."

இஃப்ஃபத் அவரிடம் கேட்டுக்கொண்டு, அந்தப் பேச்சைப் போனில் பதிவு செய்தார். ஒரு கவிழ்த்த படகின் நிழலில் உட்கார்ந்து வார்த்தை மாறாமல் தட்டி அனுப்பினார். 'வாடை' பக்கத்தில் இந்தத் தடவை எதுவும் எழுதவில்லை. எழுந்திருக்கும்போது வீராயி ஒரு பொட்டலம் நெத்திலியைக் கையில் திணித்தார். வேண்டாம் என்றாலும் விடவில்லை.

இதழ் வந்தது. முகப்பில் வீராயி இல்லை. அவர் பேச்சு உள்ளே எங்கேயோ, ஒரு பக்கத்தின் அடியில் இருந்தது. தலைப்பையும் மாற்றி, 'வடக்குக் கரையின் நீர்' என்று சப்பென்று வைத்திருந்தார்கள். ஷஹாபுதீன் பார்த்துவிட்டு, "முன்ன வெச்சதுதான் கடையில நின்னு வாங்க வெக்கும்" என்றார். இஃப்ஃபத்துக்கும் உள்ளூர அந்த வருத்தம் உண்டு. தான் தட்டியதிலிருந்து ஒரு வரி முகப்புக்குப் போனது அந்த ஒரு காலைப்பொழுதுக்கு மட்டும்தான்.

ஒரு பிரதியை எடுத்துக்கொண்டு மறுபடி வைத்திக்குப்பம் போனார். விற்பனை முடிந்து வீராயி பலகையைக் கழுவிக்கொண்டிருந்தார். ஈரக்கையோடு புத்தகத்தைத் தொடாமல், "நீயே படி" என்றார். இஃப்ஃபத் அந்த இடத்தைப் படித்தார். அம்மாவாசையும் வந்து நின்றுகொண்டார்.

"தெக்க தள்ளும்னு போட்டிருக்குதா?" என்று கேட்டார் வீராயி.

"போட்டிருக்குக்கா."

"இன்னொருதரம் படி."

இஃப்ஃபத் இன்னொரு தரம் படித்தார்.