போனில் நான் சார்

பீங்கான் தொழிலில் எந்தப் பொருளையும் விரலால் சுண்டி, காதால் கேட்டுத்தான் வாங்குவார்கள். 'டங்' என்றால் நல்ல சரக்கு, 'டப்' என்றால் எங்கோ விரிசல். இந்தப் பழக்கம் ஜாடியோடு நிற்பதில்லை, போன் எடுக்கிற ஆளையும் சுண்டிப் பார்த்துவிடுகிறார்கள். விருத்தாசலத்தில் ஒரு பீங்கான் கம்பெனியில் போனில் ஆர்டர் எடுப்பது என் வேலை. பெயர் விஜயலட்சுமி, சுருக்கமாக விஜி. குரல் மட்டும் கட்டைக் குரல். வாயைத் திறந்ததுமே எடைபோடப்பட்டவர்கள் எல்லோரும் நம் கட்சி; இப்படி வந்து உட்காருங்கள்.

வணக்கம் சார்

"விஜி பேசுறேங்க" என்றால் போதும், எதிர்முனை "வணக்கம் சார்" என்று எழுந்து நிற்கும். ஆரம்பத்தில் நானும் ரோஷத்தோடு திருத்திக்கொண்டிருந்தேன். சேலத்துக்காரர் ஒருவரிடம் "நான் லேடிங்க" என்று அழுத்திச் சொன்னேன். பணிவாக, "சரிங்க சார்" என்றார்.

முதலாளிக்கு இதில் ஏக சந்தோஷம். சாரிடம் யாரும் விலையைக் குறைக்கச் சொல்லி இழுப்பதில்லை. மதுரையில் ஒரு மொத்த வியாபாரி, பியூஸ் கட்டையும் அகல் விளக்கும் வண்டி வண்டியாக எடுப்பவர், என்னோடு சார் போட்டுப் பேசிப் பேசியே சிநேகமாகிவிட்டார். எங்கள் ஆபீஸில் மேனேஜர் நாற்காலி ரொம்ப நாளாகக் காலி. அதன் மேல் எனக்கு ஆசை என்பது முதலாளிக்கும் தெரியும். ஒருநாள் கூப்பிட்டுச் சொன்னார்: "மதுரக்காரரு வருசத்துக்கும் நம்மகிட்டயே எடுக்குறேன்னு ஒத்துக்கிட்டாருன்னா, அந்த சீட்டு ஒனக்குத்தான். அதுவரிக்கும் பொம்பளன்னு நீயா எதயும் சொல்லிக்காத!"

படித்தவர் யாராவது

குரல் தப்பித்தாலும் பேச்சு மாட்டிக்கொள்ளும். சென்னையிலிருந்து ஒருவர் ஊறுகாய் ஜாடி கேட்டார். "இருக்குதுங்க, வூட்டுக்கா கடைக்கா?" என்றேன். "வாட்ச்மேன், ஆபீஸ்ல படிச்சவங்க யாராவது இருந்தா குடுப்பா" என்றார். நான் எம்.காம். போனை மேஜையில் வைத்து, தண்ணீர் குடித்து, மறுபடி எடுத்து, "வணக்கம். தங்களுக்கு எவ்வகை ஜாடி தேவைப்படுகிறது?" என்று டி.வி. செய்திபோல் ஆரம்பித்தேன். அந்தப் பக்கம் மனிதர் மனைவியிடம் சொல்வது தெளிவாகக் கேட்டது.

"ரெக்கார்டிங் போட்டுட்டாங்கடி. ஒண்ண அமுக்கணுமா ரெண்ட அமுக்கணுமான்னு இனிமேதான் சொல்லும்."

நம்மூரு ஆளு

வீம்புக்கு நான் ஒரு வாரம் அந்தச் செய்தித் தமிழை விடவில்லை. அப்போதுதான் பக்கத்து ஊரான பெண்ணாடத்துப் பாத்திரக் கடைக்காரர் கூப்பிட்டார். நான் பேசப் பேச அவர் குரலில் சந்தேகம் ஏறியது. நடுவில் நான் சரக்கைப் பார்க்க குடோனுக்கு எழுந்து போக, சூளையில் வேலை செய்யும் ராம்பாபு போனைப் பிடித்துக்கொண்டார். ராம்பாபு பீகார்காரர். தமிழ் கற்றது முழுக்க எங்கள் சூளை வாசலில். "சரக்கு ரெடியா இருக்குதுங்க, பஸ்ஸுலயே போட்டு வுடுறேன்" என்று வெளுத்துக் கட்டினார்.

திரும்பி வந்து போனை வாங்கினேன். கடைக்காரர் விடவில்லை: "அந்தத் தம்பிகிட்டயே குடு சார். அதான் இந்த மண்ணுலயே பொறந்த ஆளு. நீ எந்த ஸ்டேட்டு?"

சார் எங்கே?

மதுரைக்காரர் ஒருநாள் ரயிலேறி நேரிலேயே வந்துவிட்டார், கையில் சாருக்கு ஒரு வேஷ்டி சட்டையோடு. முதலாளி வெளியூர். டீ வரவழைத்துவிட்டு, மனதைத் திடப்படுத்திக்கொண்டு, "நான்தாங்க விஜி" என்றேன். "தொண்டை கட்டியிருக்கா? பாவம், சாரக் கூப்பிடும்மா" என்றார். எவ்வளவு சொல்லியும் நம்பவில்லை. முகம் கடுகடுத்து, பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பவும் ஆயத்தமானார். நாற்காலி கண்ணெதிரே கைவிட்டுப் போகிறது.

குடோனுக்கு ஓடி, அங்கிருந்து அவருக்கே போன் போட்டேன். "சார்!" என்று மலர்ந்துவிட்டார். "உங்க ஆபீஸ்ல ஒரு பொம்பள, தான்தான் நீங்கன்னு சொல்லுது. கொஞ்சம் கண்டிச்சு வைங்க." கண்டிக்கிறேன் என்று ஒப்புக்கொண்டேன். பிறகு, அந்தம்மா ரொம்பக் கெட்டிக்காரி, வருஷ ஆர்டரை அவரிடமே எழுதிக் கொடுங்கள் என்று என்னை நானே சிபாரிசும் செய்தேன். ஜாடிகளைப் பொதிய வைத்திருக்கும் வைக்கோல் கட்டுகளுக்கு நடுவில் நின்று சிரித்தேனா அழுதேனா என்று எனக்கே தெரியாது. மதுரைக்காரர் பெருந்தன்மையாகச் சொன்னார்: "நீங்க சொன்னா சரிதான் சார். ஆனா ரேட்டு மட்டும் நாம ஆம்பளைங்க பேசிக்குவோம்."

ஆர்டர் கிடைத்தது. முதலாளி வந்து, கதையைக் கேட்டு, விழுந்து விழுந்து சிரித்து, சொன்ன சொல்லையும் காப்பாற்றினார்: "இந்தா, சீட்டு ஒன்னுதுதான், ஒக்காரு. ஆனா மதுரக்காரரு வர்ற அன்னிக்கி மட்டும் லீவு போட்டுடு."

ஆக, மேனேஜரானது என் குரல்தான். நான் அதற்கு உதவியாளராக வேலை பார்க்கிறேன்.