பெட்டிக்கு வச்ச பொட்டு

பருத்திக் காட்டுல நிக்கிற கேமரா பெட்டியைத் துடைக்கிறதுதான் என் வேலை. துடைக்கிறதைவிட அது சொன்னதுக்கெல்லாம் பதில் சொல்றதுதான் பெரும்பாடு. காய்ப்புழுவோட மல்லுக்கட்டுற விவசாயிங்க உங்களுக்கு இது தெரியாததா? பெட்டிக்குள்ள பொட்டைப் பூச்சி வாசனை ஏத்தின ரப்பர் இருக்கும், அதைத் தேடிக் காய்ப்புழுவோட அந்துப்பூச்சி வந்து ஒட்டும். கேமரா படம் எடுக்கும். கம்ப்யூட்டர் அதை எண்ணிப் பார்த்து, மருந்து அடிக்கணுமா வேண்டாமான்னு விவசாயி போனுக்குச் சொல்லும். நான் எட்டாவதோட நின்னவ. கைப்பிள்ளையை இடுப்புல வச்சுக்கிட்டு, இராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் நடுவுல பன்னிரண்டு பெட்டி பார்க்கிறேன். யாராவது எதிர்த்துக் கேட்டா நாக்கு மேலண்ணத்துல ஒட்டிக்கும்.

முதல் நாள்

தங்கராசு அண்ணன் குத்தகைக்குப் பருத்தி போட்டவர். நான் பெட்டியை நட்டு முடிக்கிற வரைக்கும் கையைக் கட்டிக்கிட்டுப் பார்த்துக்கிட்டே நின்னார். எனக்கு ஸ்க்ரூவே ஏறலை. கிளம்புறப்போதான் வாயைத் திறந்தார்.

"ஏம்மா, போன வருசம் புழு தின்னது போக மிச்சத்தத்தான் நான் எடுத்தேன். இந்த வருசமும் போச்சுன்னா காட்ட விட்டுட்டு மில்லுக்குத்தான் போவணும். பாத்துக்கோ."

ஈசல்

ஐப்பசி மழை விட்ட மறுநாள், பூச்சி ஏகப்பட்டது விழுந்திருக்கு, உடனே மருந்து அடிங்கன்னு அவருக்கு மெசேஜ் வந்திருச்சு. நான் ஓடிப் போறதுக்குள்ள ஸ்பிரேயரை முதுகுல மாட்டிட்டார். பெட்டியைத் திறந்தா உள்ள ஒட்டியிருந்தது பூராவும் ஈசல். "அண்ணே, செத்த நேரம் பொறுங்க"ன்னு சொல்றதுக்குள்ள எனக்கு வேர்த்துப் போச்சு. அவர் ஸ்பிரேயரை இறக்கி வச்சார். ஆபீஸுக்குப் போன் போட்டேன். அந்தப் பக்கம் சூப்பர்வைசர் தம்பி நிதானமா சொன்னார்.

"ஈசல் எது, அந்து எதுன்னு கம்ப்யூட்டர் இன்னும் படிச்சுக்கிட்டு இருக்குக்கா. இனிமே நீங்களா எதுவும் சொல்லாதீங்க, எங்ககிட்ட கேட்டுட்டுச் சொல்லுங்க."

மாட்டுப்பொங்கல்

பொங்கலுக்கு வத்திராயிருப்புல அம்மா வீட்டுக்குப் போயிட்டு ஒரு வாரம் கழிச்சு வந்தேன். போன்ல பார்த்தா, தங்கராசு அண்ணன் காட்டுல அஞ்சு நாளா ஒரு பூச்சிகூட இல்லை, மருந்து வேண்டாம்னு இருந்துச்சு. ஆனா வரப்புல ஏறிப் பார்த்தா, பூவெல்லாம் விரியாம சுருண்டு நிக்குது. கூலிக்குப் பருத்தி எடுத்த எனக்கு அது தெரியும். உள்ள புழு இருக்கு.

பெட்டிக்கிட்ட போனேன். கழுத்துல செவ்வந்தி மாலை. கேமரா கண்ணு மேல, இம்மி இடம் விடாம அப்பின சந்தனம், நடுவுல குங்குமம். அண்ணன் பொண்டாட்டி மாரியம்மாக்கா சிரிச்சுக்கிட்டே வந்தாங்க.

"மாடு, மோட்டாரு, டிராக்டரு எல்லாத்துக்கும் வச்சோம். ராவும் பகலும் நமக்காக முழிச்சிருக்கு, அதுக்கு மட்டும் வைக்கலன்னா நல்லாவா இருக்கும், ஏட்டி?"

பத்துக் காய்

சேலைத் தலைப்புல சந்தனத்தைத் துடைச்சுட்டு ஆபீஸுக்குச் சொன்னேன். ரெண்டு நாள் படம் வரட்டும், பொறவு மெசேஜ் போகும்னாங்க. ரெண்டு நாள்ல என்ன மிஞ்சும்? பத்துக் காயைப் பறிச்சுப் பிளந்தேன். நாலுல புழு. பேசினா வேலை போகும், பேசாட்டி அண்ணன் காடு போகும். அவருக்குப் போன் போட்டு, சுருண்ட பூவையெல்லாம் கிள்ளி எரிச்சுட்டு இன்னைக்கே மருந்து அடிங்கன்னேன்.

"இது பெட்டி சொல்லுதா, நீ சொல்லுதியா?"

"நான்தாண்ணே சொல்றேன்."

 அவர் போனை வச்சுட்டார். நான் போய்ச் சேர்றப்போ அண்ணனும் மாரியம்மாக்காவும் பூ கிள்ளிக்கிட்டு இருந்தாங்க. அடிக்காய் போனது போனதுதான். மேல்காய் தப்பிச்சு, வெள்ளையா வெடிச்சது. முதல் எடுப்பு அன்னைக்கு மடியில பருத்தியோட வந்து சொன்னார்.

"பெட்டி அஞ்சு நாளா வாய மூடிக்கிட்டு இருந்துச்சு, நீ பொறந்ததுலருந்து மூடிக்கிட்டு இருக்க. நல்லவேள, நீ முந்திக்கிட்ட."

பூச்சியைப் பார்க்கப் பெட்டி, பெட்டியைப் பார்க்க நான், என்னைப் பார்க்க ஆபீஸ்னு நாங்க ஒருத்தரையொருத்தர் பார்த்துக்கிட்டு நிக்கிறப்போ, யாரையும் பார்க்காம தன் வேலையை ஒழுங்கா செய்யுறது அந்தப் புழு ஒண்ணுதான்.