ஆத்தல் நிறைந்த படம்

இலங்கையின் மாத்தளைக் கடைத்தெருவில் நடந்தால், இந்தியாவில் எடுக்கப்படும் தமிழ்ப்படம் ஒவ்வொன்றுக்கும் நான் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. பலசரக்குக் கடை நஸீர் நானா என்னைத் தூரத்தில் கண்டதுமே குரல் கொடுப்பார்: “ஐயா, ஒங்கட ஆக்கள் இந்த முறை ஏமாத்திட்டாங்களே! இடைவேளைக்குப் பொறகு கதையக் காணோம்.” கதையைத் தொலைத்தவன் நானே என்பதுபோலத் தலைகுனிந்து உளுந்து வாங்கிக்கொண்டு வருவேன். காவிரிக்கரையிலிருந்து வந்தவன் ஆகையால் நடிகர்கள் அனைவரும் எனக்குப் பங்காளிகள் என்பது இங்குள்ளோர் நம்பிக்கை.

உண்மையில் நான் பார்த்த படங்கள் மிகச் சில. அவற்றிலும் இறைவன் வராத படம் இல்லை. எங்கள் ஊரில் கோயிலுக்கு எதிரேதான் கூரைக்கொட்டகை இருந்தது. மாலைதோறும் கோயிலுக்குள் நாங்கள் பதிகம் பாடுவோம். வெளியே ஒலிபெருக்கி காதல் பாடும். அன்று நாங்கள் பழித்த அந்தப் பட ரசிகர் கூட்டத்தை இன்று நினைத்தால் சிரிப்பு வருகிறது. பெயரைச் சொன்னால் கண் கசிவது, தம் தலைவனையன்றி வேறொருவரை வணங்க மறுப்பது, ஒரே காட்சியைப் பலமுறை கண்டும் தெவிட்டாமலிருப்பது என்று அடியார் இலக்கணம் எதிலும் அவர்கள் குறைவைக்கவில்லை. நஸீர் நானாவும் தம் நாயகன் படம் தோற்றால் அன்று கடையில் யாரிடமும் முகங்கொடுத்துப் பேசமாட்டார்.

கடல் கடந்து பெண் கொடுத்தவர்களுக்கு என் சங்கடம் விளங்கும். மனைவி மறைந்தபின் மகள் உமா என்னை இங்கே அழைத்துவந்துவிட்டாள். சம்பந்தி பார்வதி அம்மாளின் வீடு. அவர் வைத்த குறை ஒன்றுமில்லை; நேராக ஒரு சொல்லும் பேசியதில்லை, அவ்வளவே. நான் எதிரே அமர்ந்திருக்கும்போதே, “உமா, ஒங்கப்பாவ சாப்பிடச் சொல்லு” என்பார். “சாப்பிட்டாயிற்று என்று அத்தையிடம் சொல்லம்மா” என்பேன். மரியாதைதான். ஆனால் அந்த மரியாதைக்குள் நான் என்றும் விருந்தாளி. இதே நிலை நீடித்தால் தைப்பொங்கலோடு ஊர் திரும்பிவிடுவதென்று மனத்துக்குள் முடிவு செய்திருந்தேன்.

இந்நிலையில் ஒருநாள் உமா, “அப்பா, வெள்ளிக்கிழமை எல்லாரும் ஒண்ணா உக்காந்து பாக்க நீங்களே ஒரு படம் சொல்லுங்க” என்றாள். சம்பந்தி மறுக்கவில்லை. என் ஊர்ப் பெருமையே தராசில் ஏறியதுபோல் உணர்ந்து நஸீர் நானாவிடம் ஓடினேன்.

“குடும்பத்தோட பாக்க ஒண்ணு இருக்கு ஐயா. கோயில்ல நடக்கிற கதை. தொடக்கத்துல இருந்து கடைசி வரைக்கும் ஆத்தலோ ஆத்தல்!”

ஆற்றல்! பேச்சுவழக்கில் எங்கள் பக்கமும் இரட்டித்த றகரம் அப்படித்தான் தகரமாகும். கோயில், அதில் ஆற்றல், வேறென்ன வேண்டும்? வீடு திரும்பி, “அம்பிகையின் ஆற்றலைப் பேசும் படம், தூய்மையோடு பார்க்க வேண்டும்” என்று அறிவித்தேன். வெள்ளி மாலை சம்பந்தி முத்துமாரியம்மனைத் தரிசித்துவந்து, விளக்கேற்றி, நெற்றி நிறையத் திருநீற்றுடன் தொலைக்காட்சியின் முன் கைகூப்பி அமர்ந்தார்.

படத்தில் திருடன் ஒருவன் காவலரிடமிருந்து தப்பக் குருக்கள் வேடமிட்டுக் கருவறைக்குள் நுழைந்தான். மந்திரம் தெரியாமல், ரசம் வைக்கும் முறையை ராகம் போட்டு ஓதத் தொடங்கினான். “புளியாய நம, பெருங்காயாய நம” என்று அவன் தீபம் காட்ட, ஊரே கன்னத்தில் போட்டுக்கொண்டது. உமா என் காதருகே குனிந்தாள். “அப்பா, ஆத்தல்னா சிங்களத்துல கும்மாளம்!”

பொங்கல் வரை காத்திருக்க வேண்டியதில்லை, நாளையே புறப்பட்டுவிடலாம் என்று தோன்றியது. மன்னிப்புக் கேட்கவும் படத்தை நிறுத்தவுமாக எழுந்து, தொலைக்காட்சியின் முன் கைகட்டி நின்றேன்.

“சம்பந்தி, உக்காருங்க. மறைக்குது.”

சொன்னவர் பார்வதி அம்மாள். கூப்பிய கை அப்படியே இருக்க, தோள் குலுங்கிக்கொண்டிருந்தது. சிரிப்பில் திருநீறு மூக்கில் உதிர்ந்திருந்தது. “அவன் மொளகு போட மறந்துட்டான், பாருங்க” என்றார், என்னிடமே.

அமர்ந்தேன். படம் முடியும் தறுவாயில் அகன்ற ஆறொன்று வந்தது. மணல்திட்டு, கரையோரம் வாழை.

“அது உங்க ஊரு ஆறுங்களா?” என்று கேட்டார்.

உற்றுப் பார்த்தேன். காவிரியாக இருக்கலாம், வேறெந்த நாட்டு நீராகவும் இருக்கலாம். வெளியே மாத்தளை மழை தகரக் கூரையில் இறங்கிய ஓசையில் திரையின் ஆறும் பெருகுவதுபோலிருந்தது. எந்த நீரைச் சொல்கிறேன் என்று நிச்சயமில்லாமலே, “ஆமாங்க, நம்ம ஆறுதான்” என்றேன்.