முட்டை ஏன் வெளுத்திருக்கு?

முட்டை வியாபாரத்தில் உடைகிற முட்டை ஒரு நஷ்டத்தோடு போய்விடும். நிறம் மாறிய முட்டைதான் மானத்தை வாங்கும். வீடு வீடாகப் படியேறிச் சரக்கு விற்றவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. அன்னவாசலைச் சுற்றியுள்ள ஊர்களில் கொல்லைக்கோழி முட்டை வாங்கி, கூடையில் உமி பரப்பி, சைக்கிளில் வைத்துப் பதினைந்து வருஷம் விற்றேன்.

சாட்சி

வாத்தியார் வீட்டம்மாவுக்கு ஒரே வீட்டுக் கோழி முட்டைதான் வேண்டும். அந்தக் கோழி இட ஆரம்பித்தபோது ஓடு நல்ல பழுப்பு. பத்துப் பன்னிரண்டு இட்டதும் வெளிறிவிட்டது. தொடர்ந்து இட்டால் சாயம் குறையும், அடைகாத்து எழுந்தால் பழையபடி வரும், நிறத்தில் ஒன்றுமில்லை என்று படித்துப் படித்துச் சொன்னேன். அந்தம்மா முட்டையை வெயிலில் திருப்பிப் பார்த்தார்.

"முட்டைய மாத்திட்டு கோழி மேல பழியப் போடாதீங்க. அது வந்து சாட்சியா சொல்லப்போகுது?"

சாயம்

அப்புறம் பிளாக் ஆபீசில் ஊர்க்காரர்களிடம் நாட்டுச் சேவலை வாங்கிக்கொண்டு வெள்ளைச் சீமைச் சேவல் கொடுத்தார்கள். அதன் வழியில் வந்த கோழிகள் வெளேரென்று முட்டையிட்டன. கிளப்புக்கடை முதலாளி தொடவே மாட்டேன் என்றார். நிறத்தில் ஒன்றுமில்லைங்க என்ற என் பாட்டை அவரிடமும் பாடினேன், காதில் போட்டுக்கொள்ளவில்லை. வயிறு ஒன்று இருக்கிறதே. கெட்டியான டீத்தண்ணீரில் முட்டைகளை ஊறவைத்துக் காயவிட்டு, நாட்டு முட்டை என்று கொடுத்தேன். கடையில் அதை வேகவைத்த தண்ணீர் பழுப்பாகிவிட்டது. கடையில் சாப்பிட்டுக்கொண்டிருந்த அத்தனை பேர் முன்னாலும் முதலாளி என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். இன்றைக்கும் அந்தத் தெருவில் எனக்குத் தலை நிமிராது.

"முட்டையிலயே டீ வந்துட்டா, என் டீ மாஸ்டர வீட்டுக்கு அனுப்பிடவா?"

காகிதம்

பொன்னம்மாவின் புருஷன் கொழும்புக்குப் போனவர், கடிதமும் நின்றுவிட்டது. கொல்லையில் இருந்த பத்துக் கோழிதான் அவளுக்குக் குடித்தனம். ஒரு சித்திரையில் நான் முட்டை வாங்கப் போனபோது கவலையோடு நின்றாள்.

"அண்ணே, நாலு நாளா எல்லாக் கோழியும் வெளுப்பாவே இடுது. ஓடும் காயிதமாட்டம் இருக்கு. மாட்டாஸ்பத்திரியில கேட்டுட்டு வரவா?"

எத்தனை பேரிடம் சொல்லிச் சலித்த பதில்! கூடையைக் கட்டியபடியே சொன்னேன்: "வெயிலுக்கு அப்படித்தான் தங்கச்சி. நிறத்துல ஒண்ணுமில்ல. வேகாத வெயில்ல அங்கிட்டு எதுக்கு அலையிற?"

ஒரு கோழி வெளுப்பது வேறு, பத்தும் ஒன்றாக வெளுப்பது வேறு. அது எனக்கு அன்றைக்கு உறைக்கவில்லை. அவள் போகவில்லை.

அடுத்த வாரம் கொல்லையில் சத்தமே இல்லை. வெள்ளைக்கழிச்சல் நோய் வந்து எல்லாம் செத்துப்போயிருந்தன. பத்தையும் ஒரே குழியில் புதைத்திருந்தாள். மாட்டாஸ்பத்திரி கம்பவுண்டரிடம் கேட்டேன். ஓடு வெளுத்து மெலிந்தபோதே வந்திருந்தால், நோய் தொடாததைப் பிரித்து வைத்து ஊசி போட்டிருக்கலாம், நாலைந்தாவது தப்பியிருக்கும் என்றார். கேட்காமலே இருந்திருக்கலாம்.

திரும்பிப் போய் எல்லாவற்றையும் அவளிடம் சொன்னேன். அவள் திட்டியிருந்தால் தேவலை. உள்ளே போய், கடைசியாக இட்ட இரண்டு வெளுத்த முட்டைகளைக் கொண்டுவந்து என் கூடையில் வைத்தாள்.

"எடுத்துக்கிட்டுப் போங்கண்ணே. நிறத்துல ஒண்ணுமில்லைன்னீங்கள்ல?"

என் பதிலை நம்பாத வீடுகளிலெல்லாம் அது சரியாகத்தான் இருந்தது. நம்பிய ஒரே வீட்டில்தான் தப்பாகப் போனது.