கழுகு மச்சானின் பைனாகுலர்

எங்கள் படகில் இரண்டே பேர்தான் ஆள். முன்னால் நின்று முதலையையும் பறவையையும் காட்டுவது என் அக்கா புருஷன். பின்னால் உட்கார்ந்து இன்ஜின் ஓட்டுவது நான். அவருக்குக் கழுகு என்று பட்டப்பெயர் வைத்ததே படகுத்துறைக்காரர்கள்தான். அக்கரை மரத்தில் இலையோடு இலையாகக் கிடக்கும் பச்சைப்பாம்பை இக்கரையிலிருந்தே காட்டுகிற மனுஷன். எனக்குப் பொறாமை இல்லை என்றால் அது பச்சைப் பொய்.

அந்தக் கண்தான் ஆறு மாதமாக மங்கிக்கொண்டிருந்தது. வெளியே தெரிந்தால் படகில் முன்னால் நிற்க விடமாட்டார்கள். அதனால் யாரிடமும் மூச்சு விடவில்லை, என்னிடமும்தான். இருபது வருஷம் சுற்றிய ஆறு, எந்த வளைவில் எது படுத்திருக்கும் என்பது அவருக்கு மனப்பாடம். அதை வைத்தே காலம் தள்ளினார். எனக்குத் தெரியாதா என்ன? அவர் காட்டிய மணல்திட்டு காலியாக இருந்தால், "இப்பதான் தண்ணிக்குள்ள போச்சு" என்று நான் சப்பைக்கட்டு கட்டுவேன்.

போன வாரக் கடைசியில் ஒரு டீச்சரம்மா கணவரோடு இரண்டு நாள் சவாரிக்கு வந்தார். சனிக்கிழமை பிரமாதமாகப் போயிற்று. மீன்கொத்தி, ஆட்காட்டி, மரங்கொத்தி என்று மச்சான் சொல்லச் சொல்ல அந்தம்மா நோட்டில் எழுதித் தள்ளினார். எல்லாம் குரலைக் கேட்டுச் சொன்னது என்பது எனக்கு மட்டும் தெரியும்.

ஞாயிறு காலை, கரைப் பொந்தில் இருக்கும் மீன்கொத்திக் கூட்டைக் காட்டப் போனோம். டீச்சரம்மா ஒரு கையைத் தண்ணீரில் அளைந்துகொண்டே வந்தார்.

"முன்னால என்னமோ மிதக்குதே?"

"மரக்கட்டைம்மா," என்றார் மச்சான். "மாப்ள, இன்னும் கிட்ட விடு."

நானும் விட்டேன். கட்டை கண்ணை மூடித் திறந்தது.

"கையை எடுங்கம்மா," என்று சொல்லிவிட்டுப் படகைப் பின்னால் இழுத்தேன். முதலை சாவகாசமாக முங்கிப் போயிற்று. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

இந்தத் தடவை சப்பைக்கட்டு என் வாயில் வரவில்லை. மச்சானே திரும்பி நின்றார். "தப்பு என்னோடதும்மா. எனக்குக் கண்ணு சரியா தெரியல. ஆறு மாசமாச்சு."

டீச்சரம்மா ஈரக் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். "உங்களை நம்பித்தானேப்பா வந்தோம்," என்றார். அவர் கத்தியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

அவர்களை இறக்கிவிட்ட பிறகு மச்சான் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"உனக்கு எப்பலேருந்து தெரியும் மாப்ள?"

"மழைக்கு முன்னாடியே."

"சொல்லியிருக்கலாம்ல?"

"நீங்க சொல்லியிருக்கலாம்ல மச்சான்?"

அவர்மேல் எனக்குக் கோபம். என்மேல் அதைவிடக் கோபம்.

"நாளைக்குக் கண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போ. இனிமே முன்னால நீ நில்லு," என்று கழுத்திலிருந்த பைனாகுலரைக் கழற்றிக் கொடுத்தார். அதை அவர் அக்காவைக்கூடத் தொடவிட்டதில்லை.

கண்ணில் வைத்துப் பார்த்தேன். எல்லாம் ஒரே கலங்கல். ஃபோகஸ் சக்கரத்தில் விரல் வைத்தேன். கொஞ்சமாவது தெளியுமா என்று மனுஷன் அதைக் கடைசிவரை திருகியிருந்தார். அதற்கு மேல் ஒரு நூல்கூடத் திரும்பவில்லை.