பூசணிக்காய்க்குத் திறந்த கதவு

எங்கள் லயத்து வரிசை வீடுகளுக்குப் பின்னால் மண் வெடித்திருந்ததை முதலில் பார்த்தது என் ஆறு வயது மகள் எஸ்தர். மழை கொஞ்சம் விட்ட நேரம் பார்த்து நான் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். ஓடி வந்து என் சேலையை இழுத்து, "அம்மா, மண்ணு வாயத் தொறந்திருக்கு" என்றாள்.

போய்ப் பார்த்தேன். மேட்டில், தேயிலைச் செடிகளுக்கு நடுவே, நீளமாக ஒரு பிளவு. என் கை உள்ளே போனது. அந்த மேட்டுக்கு நேர் கீழேதான் எங்கள் லயத்தின் சமையலறைகள் எல்லாம் வரிசையாக இருந்தன. காலையில் பிள்ளைகள் குளிருக்கு அடுப்போரம் ஒட்டிக்கொண்டு உட்காருகிற இடம்.

இது போன வருஷம் ஐப்பசியில், இலங்கை மலையகத்தில், ராகலைக்கு மேலே உள்ள எங்கள் தேயிலைத் தோட்டத்தில் நடந்தது. அன்பான விசுவாசிகளே, ஐப்பசி எங்கள் வீட்டில் மூச்சுவிட நேரமில்லாத மாதம். நான் தோட்டப் பாடசாலையில் ஆசிரியை. வருடக் கடைசிப் பரீட்சைக்குப் பிள்ளைகளைத் தயார் செய்யவேண்டும். ஞாயிறு பாடசாலைப் பிள்ளைகளுக்குக் கிறிஸ்மஸ் கெரொல் பாட்டுப் பழக்கவேண்டும். அறுப்பின் பண்டிகைக்கு ஆலயத்தைச் சோடிக்கவேண்டும். தீபாவளி நெருங்குவதால் ராகலையில் முச்சக்கர வண்டி ஓட்டுகிற என் கணவர் அருளைப் பகலில் வீட்டில் பார்க்க முடியாது. மூன்று வயது ஜோயலுக்கு மழை தொடங்கினால் சளியும் தொடங்கும். அடுப்புக்கு மேலே கயிறு கட்டிச் சீருடை காயவைத்து, புகை வாசத்தோடு எஸ்தரைப் பள்ளிக்கு அனுப்புவேன். முழங்கால்படியிட நேரம் கிடைக்காமல், ரொட்டி சுட்டுக்கொண்டே ஜெபிக்கிறவள் நான்.

கிராம சேவகர் வந்து மேட்டைப் பார்த்தார். "இங்க இருக்க வேணாம், ஆபத்து" என்றார்.

"எங்க போறது சேர்?" என்று கேட்டேன்.

"சொந்தக்காரங்க வீட்டுக்குப் போய் இருங்க."

எங்கள் சொந்தக்காரர்கள் எல்லாரும் அதே லயத்தில்தான் இருக்கிறார்கள்.

வெளியாட்களுக்கு ஒன்று புரியாது. ஓட இடம் இருந்தாலும் எங்கள் ஆட்கள் சுலபத்தில் ஓடமாட்டார்கள். நான்கு தலைமுறை குடியிருந்தும் ஒற்றை அறையான அந்தக் காம்பராவுக்கு எங்களிடம் உறுதிப் பத்திரம் கிடையாது. அது தோட்டத்துக்குச் சொந்தம். விட்டுப் போனால் தோட்டத்தை நடத்துகிற துரை வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவார் என்ற பயம் தாய்ப்பாலோடு வருகிறது. பக்கத்து வீட்டுச் செல்வி அக்கா சொன்னார்: "மண்ணு விழுந்தா ஒரு தடவதான் சாவோம் டீச்சர். காம்பரா போச்சுன்னா தெனம் சாவோம்."

எங்கள் சின்ன ஆலயம் சற்றுத் தள்ளி, கற்பாறைமேல் நிற்கிறது. உறுதியான சுவர். காய்ந்த தரை. அதன் சாவி என் மாமனார் கையில் இருந்தது. போதகர் பல தோட்டத்து ஆலயங்களுக்கும் போகவேண்டியிருப்பதால் மூப்பரான மாமாதான் எல்லாவற்றையும் பார்த்துக்கொள்வார். "ஒங்க அப்பாகிட்ட கேளுங்க" என்று அருளிடம் சொன்னேன். "நீயே கேளு. ஒனக்குத்தான் வாய் இருக்கு" என்று வண்டியைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டார்.

கேட்டேன்.

"சேர்ச்சு என்ன சத்திரமா?" என்றார் மாமா. "அறுப்புப் பண்டிகை வருது. புள்ளைங்க மூத்திரத் துணி காயப்போடற எடமா அது? விசுவாசம் இருந்தா மல அசையாது புள்ள."

"மல அசையுதுங்க மாமா. கைய விட்டுப் பாத்தேன்."

"படிச்ச திமிரு பேசுது."

"ஆமாங்க மாமா" என்றேன்.

அதற்காக நான் இன்றைக்கும் வருத்தப்படவில்லை. என் குடும்பத்தில் உயர்தரப் பரீட்சை எழுதிச் சித்தியடைந்த முதல் ஆள் நான். கொழுந்துக் கூடை சுமக்கவேண்டியவளுக்குப் புத்தகப் பை எதற்கு என்று கேட்டவர்களுக்கு நடுவில் படித்தேன். அந்தத் திமிரைத் தந்தவர் கர்த்தர். ஆபத்தில் அதை எடுத்து உபயோகிக்கத்தானே தந்தார்?

ஆனாலும் அன்று மாலை சோர்ந்துவிட்டேன். மழை வலுத்தது. அடுப்படிச் சுவரின் பூச்சு பெயர்ந்து சோற்றுச் சட்டிக்குள் விழுந்தது. ஜோயல் இருமிக்கொண்டே இருந்தான். யாருமே கேட்காத இடத்தில் பிள்ளைகளைப் பெற்றுவிட்டேனே என்று அழுதேன். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு சத்தமாகவே ஜெபித்தேன். "ஆண்டவரே, நான் மலையை நிறுத்தச் சொல்லவில்லை. உம்முடைய வீட்டுக் கதவைத் திறவும். அது உம்முடைய வீடுதானே?"

சனிக்கிழமை வந்தது. எங்கள் தோட்டத்தில் அறுப்பின் பண்டிகைக்கு முந்தின நாள் ஒரு வழக்கம் உண்டு. ஒவ்வொரு குடும்பமும் தன் வீட்டுத் தோட்டத்தின் முதற்பலனைத் தலையில் சுமந்து ஆலயத்துக்குக் கொண்டு வரும். லீக்ஸ், கரட், பீட்ரூட், பூசணிக்காய், ஒரு கட்டு தேயிலைக் கொழுந்து. மூப்பர் வாசலில் நின்று ஒவ்வொன்றையும் ஜெபித்து வாங்கி உள்ளே அடுக்குவார். காட்டுப்பன்றி வராமல் கதவைப் பூட்டுவார்.

எங்கள் பூசணிக்காயைத் துடைத்து வாசலில் வைத்திருந்தேன். ஜோயல் அதன்மேல் ஏறிக் குதிரை ஓட்டிக்கொண்டிருந்தான். அவனைப் பார்த்தபோது உள்ளே ஒன்று பளிச்சென்றது. அதை என் யோசனை என்று சொல்லமாட்டேன். பூசணிக்காயை அங்கேயே விட்டேன். பாயைச் சுருட்டித் தலையில் வைத்தேன். ஜோயலை இடுப்பில் தூக்கி, எஸ்தரைக் கையில் பிடித்துக்கொண்டு போய் வரிசையில் நின்றேன்.

என் முறை வந்தது. மாமா என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"பூசணிக்கா எங்க?"

"எங்க வீட்டு முதற்பலன் இவங்கதான் மாமா. ஜெபம் பண்ணி உள்ள வைங்க."

"வெளையாடாத புள்ள. ஆளுங்க பாக்குறாங்க."

"பாக்கட்டுங்க. பூசணிக்கா நனையக்கூடாதுன்னு, பன்னி தின்னுறக்கூடாதுன்னு உள்ள வச்சுப் பூட்டுறீங்க. ஆண்டவருக்குக் குடுத்த பொருளுன்னு பத்திரமா பாக்குறீங்க. இந்த ரெண்டயும் ஞானஸ்நானம் குடுத்து அவருக்குத்தானே குடுத்தோம்? இதுங்கள மட்டும் மண்ணுக்குக் கீழ படுக்க வைக்கணுமா?"

மாமாவின் முகம் கறுத்துவிட்டது. அப்போது எஸ்தர் உள்ளே எட்டிப் பார்த்துவிட்டுக் கேட்டாள்: "தாத்தா, நாங்க எங்க ஒக்காரணும்? கரட்டுப் பக்கமா, லீக்ஸ் பக்கமா?"

பின்னால் யாரோ சிரித்துவிட்டார்கள். மாமா சிரிக்கவில்லை. குனிந்து, சுவரோரம் இருந்த இரண்டு பூசணிக்காய்களைத் தூக்கி அப்பால் வைத்தார். அங்கே பாய் விரிக்கிற அளவுக்கு இடம் இருந்தது.

நான் லயத்துக்குத் திரும்பி ஓடினேன். "சாமான் ஒண்ணும் எடுக்காதீங்க. சட்டிபானை எல்லாம் அங்கயே இருக்கட்டும். கதவப் பூட்டிட்டு உசுர மட்டும் தூக்கிட்டு வாங்க. சாமான் இருக்கிற வரைக்கும் காம்பரா நம்மளுதுதான், யாரும் கேக்க முடியாது" என்று வாசல் வாசலாகச் சொன்னேன். அதுதான் அவர்களை அசைத்தது. ஒவ்வொரு குடும்பமாக வந்தார்கள். செல்வி அக்கா தீபாவளி முறுக்கு டின்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டு வாசலில் தயங்கினார்.

"டீச்சர், நாங்க முருகன் கும்புடுறவங்க. ஒங்க மாமா உள்ள விடுவாரா?"

"மண்ணு என்ன, எந்தச் சாமின்னு கேட்டுட்டா விழுது? வாங்க அக்கா. அது என்ன டின்னு, சாமான் வேணாம்னு சொன்னேனே?"

"முறுக்கும் உசுருதான் டீச்சர்" என்று உள்ளே வந்துவிட்டார்.

ஞாயிறு காலை போதகர் வந்தபோது பாய்களைத் தாண்டித் தாண்டித்தான் பீடத்துக்குப் போனார். சுற்றிலும் பார்த்தார். "இவ்வளவு நல்ல அறுப்பை நான் பார்த்ததில்லை" என்றுதான் ஆராதனையைத் தொடங்கினார்.

ஆனால் மாமா மட்டும் ஆலயத்தில் தங்க மறுத்துவிட்டார். "நான் பயந்து ஓடுறவன் இல்ல. ஒரு ஆளாவது வீட்டுல இருக்கணும்" என்று தனியாக லயத்துக்குப் போனார். அருள் காலைப் பிடிக்காத குறையாகக் கெஞ்சியும் கேட்கவில்லை. எனக்கு அவர்மேல் கோபம் இருந்தது. அந்தக் கோபத்தோடேயே ஜெபித்தேன். "இவரையும் வெளியே கொண்டு வாரும். எனக்கு வழி தெரியவில்லை."

திங்கட்கிழமை விடிந்தது. மாமா தினமும் விடியற்காலையில் இஞ்சி தட்டிப் போட்டுத் தேநீர் ஊற்றுவார். பேரப்பிள்ளைகளுக்கு அவர் கையால்தான் முதல் வாய். அன்றும் பழக்கத்தில் ஊற்றியிருக்கிறார். குடிக்கப் பிள்ளைகள் இல்லை. வெகுநேரம் பார்த்துவிட்டு, தேநீர்க் கேத்தலைத் துணியில் சுற்றிக்கொண்டு ஆலயத்துக்கு நடந்து வந்தார். படியில் கால் வைத்து, "ஆறிப்போகும், புள்ளைங்கள எழுப்பு" என்று என்னிடம் முறைப்பாகச் சொன்னார்.

அப்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது. லொறி லொறியாகக் கல் கொட்டுவது போல. தரை நடுங்கியது. மேடு இறங்கி எங்கள் சமையலறைகளுக்குள் புகுந்து மறுபக்கம் வாசலில் வந்து நின்றது. மாமா சற்றுமுன் ஊதிய அடுப்பு மண்ணுக்கு அடியில் இருந்தது. எந்த உயிரும் அங்கே இல்லை. அல்லேலூயா, ஒரு உயிரும் இல்லை!

மாமா படியிலேயே உட்கார்ந்துவிட்டார். எஸ்தர் எழுந்து வந்து கோப்பையை நீட்டினாள். ஊற்றும்போது பாதி வெளியே சிந்தியது. அவள் ஒரு வாய் குடித்துவிட்டு, "சீனி பத்தல தாத்தா" என்றாள். அப்போதுதான் அந்த மனிதர் வாய்விட்டு அழுதார்.

பிறகு சாவியை எடுத்து என்னிடம் நீட்டினார். "நீயே வச்சுக்க புள்ள." நான் வாங்கவில்லை. "எனக்கு வேணாங்க மாமா. யாருக்கும் வேணாம். வெளிய ஆணியில தொங்கட்டும்." இன்றும் அங்கேதான் தொங்குகிறது.

சிலர் இதைத் தற்செயல் என்கிறார்கள். சொல்லட்டும். சிலர், உயிர் தப்பியதற்கு நன்றி சொல்லிவிட்டுச் சும்மா இருங்கள் என்கிறார்கள். நன்றி சொல்கிறேன், தினமும் சொல்கிறேன். சும்மா இருக்கமாட்டேன். இந்த ஐப்பசி மழையும் வந்துவிட்டது. லயம் போனபின் கட்டித் தந்த தகரக் கொட்டகையில்தான் நாங்கள் இன்னும் இருக்கிறோம். கெரொல் பழக்கமும் பரீட்சையும் சளியும் வழக்கம்போலத்தான். இப்போது சொந்த நிலத்துக்காக, எங்கள் பெயரில் ஒரு உறுதிக்காக ஜெபிக்கிறோம். செல்வி அக்காவும் அவருடைய சாமியிடம் அதையே கேட்கிறார். மாமா எங்களோடு மனுக் கொடுக்க வருகிறார், எங்களைவிடச் சத்தமாகப் பேசுகிறார்.

ஆகவே, இதை வாசிக்கிற சகோதரியே, உன் பிள்ளைகளுக்கு மேலே எந்த மேடு வெடித்திருந்தாலும் நம்பிக்கையோடு ஜெபி. ஜெபித்துவிட்டுப் படுத்துவிடாதே. பாயைச் சுருட்டிக்கொண்டு எழும்பிப் போய் வாசலில் நில். தட்டுகிறவர்களுக்குக் கதவு திறக்கும் என்பதை நான் கண்ணால் பார்த்துவிட்டேன். மெதுவாகத்தான் தட்டவேண்டும் என்று எங்கேயும் எழுதியிருக்கவில்லை.